பேரனின் வீட்டுப்பாடம்

கும்பகோணம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பிள்ளைகள் மாலையானால் பையோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் நீ கேட்டிருப்பது நான் அன்றாடம் பார்க்கும் விஷயம்தான்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணி வரை எழுந்து எழுந்து போகிறான், எழுதி முடிப்பதில்லை என்று வருந்தியிருந்தாய். முதலில் பள்ளியில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார். மத்திய கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையின்படி இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது; மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரு வாரத்துக்கான அளவைவிட அதிகமாக அவன் ஒரே மாலையில் உட்கார்ந்திருக்கிறான். எத்தனை நிமிட வேலை என்று நினைத்துக் கொடுக்கிறார் என்பதை வகுப்பாசிரியரிடமே உன் மருமகள் கேட்கட்டும். மிக அதிகம் என்றால் பேசிக் குறைக்க வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு. அரை மணி நேர வேலைதான் மூன்று மணி நேரமாக நீள்கிறது என்றால், அவன் எங்கே தடைப்படுகிறான் என்று பார்க்க வேண்டும்.

பிள்ளை எழுந்து போவதைக் கவனக்குறைவு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது தெரியாத இடத்திலிருந்து விலகும் முயற்சி என்பதே என் உறுதியான எண்ணம். திண்ணைக்கு வரும் ஒரு சிறுமி கூட்டல், கழித்தல் கணக்குகளை மளமளவென்று போட்டுவிடுவாள். ஈரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு வந்ததும் அவளுக்குத் தாகம் எடுக்கும். ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் மனத்தில் நிலைக்காத பிள்ளை, ஒவ்வொரு பெருக்கலையும் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் எந்தப் படியில் நின்றோம் என்பதையே மறந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது சிறிதளவே என்பதால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் "கவனமாகப் போடு" என்று சொல்வதால் பயனே இல்லை. வாய்ப்பாடு எழுதிய தாளை அருகில் வைத்துவிட்டால் அவள் எழுந்து போவதில்லை. வாய்ப்பாட்டை வேறொரு நேரத்தில், சிறிது சிறிதாகப் படிக்க வைக்கிறேன்.

ஆகவே அவன் உட்கார்ந்ததும், "இன்றைக்கு என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டு அவன் வாயாலேயே சொல்ல வை. சொல்லத் தெரியவில்லை என்றால் எழுதவும் தெரியாது. எளிதான ஒன்றைத் தொடக்கமாக முடித்ததும், களைப்படைவதற்கு முன்பே கடினமானதை எடுக்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் புத்தகத்தைப் படி. ஒவ்வொரு வரியிலும் எழுத்து கோணலாக இருக்கிறது என்று அழிப்பானை எடுக்காதே. அது அவன் நினைவோட்டத்தை அறுத்துவிடும். பள்ளியிலிருந்து வந்ததும் ஏதாவது சாப்பிட்டு, இருட்டும் வரை விளையாடிவிட்டு வந்த பிள்ளைதான் நன்றாக உட்காரும் என்பதையும் அவன் அப்பாவிடம் சொல்.

கைப்பேசியைப் பற்றியும் எழுத வேண்டும். இப்போது பல பள்ளிகள் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதால், பாடத்தின் பெயராலேயே கைப்பேசி பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். அவன் எழுதும் நேரத்தில் கூடத்தில் தொடர் ஓடினாலும் இதே கதைதான். அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்து வைக்க வீட்டில் உள்ளவர்கள் இணங்க வேண்டும்.

இவை அனைத்தும் செய்தும் மாற்றம் தெரியாவிட்டால், முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை வகுப்பில் அரைகுறையாக எழுதிவந்து, வீட்டில் புரியாமல் விழிக்கும். வீட்டில் மட்டுமின்றி வகுப்பிலும் விளையாட்டிலும் எதிலும் நிலைக்க முடியாமல், அந்த நிலை ஆறு மாதங்களுக்கு மேலாக நீடித்தால், குழந்தை நல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். அப்படி ஒரு சிக்கல் இருந்தால் அது பிள்ளையின் பிடிவாதமும் அன்று, தாயின் வளர்ப்புக் குறையும் அன்று. உன் மருமகள் தன்னையே நொந்துகொள்வதாக எழுதியிருந்தாய், அவளிடம் இதை அவசியம் சொல்.

அவன் எந்தப் பாடத்தில், எந்த வரியில் எழுந்து போகிறான் என்று ஒரு வாரம் பார்த்து எனக்கு எழுது. வகுத்தல்தான் தடை என்றால், இங்குள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரும் முறையைப் படிப்படியாக எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா