ராத்திரி எந்த உயரத்தில் தூங்குவோம் என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கு மலைநடை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அரைப் பக்கத்துக்கு யாக் மாட்டின் படம், கீழே பயணச் செலவு, எந்த மாதம் போகலாம், என்ன உடை எடுத்துப் போக வேண்டும் என்று எல்லாம் இருந்தது. "முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்ற எளிய பாதை, ஏழே நாள்" என்று ஒரு கட்டமும் கட்டியிருந்தீர்கள்.

போன வருடம் அக்டோபரில் அந்தப் பாதையில் போனவள் நான். வயது 57. அரசு மருத்துவமனையில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்துவிட்டு வெளியே வந்தவள். கட்டுரையில் பொய் எதுவும் இல்லை, ஒரே ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. எங்களை அழைத்துப்போனவர்கள் தந்த திட்டத்திலும் அதே விவரம்தான் விட்டுப்போயிருந்தது. அதனால்தான் ராத்திரி எட்டரை மணிக்கு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, 3,870 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு பேர் கைப்பிடியில் நான் இறங்கி வந்தேன்.

நாங்கள் 14 பேர். மதுரை, கோவை, எங்கள் திண்டுக்கல் என்று பல ஊர்க்காரர்கள். ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, அவர்களைப் போல இன்று பத்துப் பேர் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ வந்த பிறகு மலையேற்றம் என்ற பேச்சை எடுத்தாலே என் கணவர் எழுந்து போய்விடுவார். அவரைச் சம்மதிக்க வைக்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது. ஒருங்கிணைத்த தம்பிக்கு முப்பது வயதிருக்கும், நல்ல பையன்தான். "அக்கா, நீங்க பழனி மலையையே மாசாமாசம் ஏறுறீங்க, இது ஒண்ணுமே இல்ல" என்றார். நானும் நம்பினேன். பழனியில் 693 படியை நடுவில் உட்காராமல் ஏறுகிறவள் நான் என்று எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மிக உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். நாங்கள் கோடை வாசஸ்தலம் என்று போய்க் குளிரில் நடுங்குகிற கொடைக்கானல் சுமார் 2,100. லாங்டாங் பாதையில் முதல் நாள் ராத்திரி தங்குகிற லாமா ஹோட்டல் என்ற இடமே ஏறக்குறைய 2,400 மீட்டர். (ஹோட்டல் என்றதும் ஏமாந்துவிடாதீர்கள், அது ஊர்ப்பெயர். ஆற்றங்கரையில் நாலைந்து மர விடுதிகள், விடிய விடியத் தண்ணீர் இரைச்சல், அவ்வளவுதான்.) அதாவது முதல் ராத்திரியே நம் மாநிலத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழேதான் தூங்குகிறோம், அதற்கடுத்த இரவுகள் எல்லாம் அந்த உச்சிக்கும் மேலே. அந்த உயரத்தில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று ஒத்திகை பார்க்க நமக்கு இங்கே இடமே இல்லை. பழனிப் படி என் முழங்காலைச் சோதித்தது, ரத்தத்தைச் சோதிக்கவில்லை.

வழக்கமான திட்டம் இப்படி: காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் ஒரு முழு நாள் குலுங்கி, 1,500 மீட்டர் வாக்கில் இருக்கும் சியாப்ருபேசி. அடுத்த நாள் நடை லாமா ஹோட்டல் வரை. அதற்கடுத்த நாள் லாங்டாங் கிராமம், 3,430 மீட்டர். மறுநாள் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் நடந்து கியாஞ்சின் கோம்பா, 3,870. அங்கே இரண்டு இரவு. பலர் இதையே வேகம் என்பார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பொறுமையானவர்கள் நடுவே கோடாதபேலாவிலோ தாங்ஷ்யாப்பிலோ ஓர் இரவு தங்கிவிடுவார்கள்.

எங்கள் திட்டத்தில் லாங்டாங் கிராமத்து இரவையே வெட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியவர்கள் குழுவில் இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை விமானத்தைப் பிடிக்க வேண்டும். "ரெண்டு மணி நேரம் கூட நடந்தா கியாஞ்சின் வந்துரும், அங்கே போய் நல்லா ரெஸ்ட் எடுக்கலாம்" என்றார்கள். 2,400-ல் தூங்கி எழுந்தவர்கள் அன்றைக்கே 3,870-ல் போய்ப் படுத்தோம். அச்சடித்த திட்டத்தில் 'மூன்றாம் நாள்: கியாஞ்சின் கோம்பா, சுமார் 10 மணி நேர நடை' என்றுதான் இருந்தது. உயரம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்காவது உறைத்திருக்கும்.

நடந்த பாதையின் அழகைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் முழுக்கக் காட்டுக்குள், லாங்டாங் ஆற்றை ஒட்டியே ஏற்றம். எதிர்ப்பாறையில் தேனடைகள் தொங்கின. மரங்களில் கருமுகக் குரங்குகள். மேலே போகப் போக மரம் குட்டையாகி, பள்ளத்தாக்கு அகன்று, ஓடைத் தண்ணீரில் தானாகச் சுற்றும் வழிபாட்டு உருளைகள் வந்தன. மந்திரம் செதுக்கிய கல்சுவர்கள் பாதை நடுவே நீளமாக இருக்கும். அவற்றை வலப்பக்கம் வைத்துத்தான் கடக்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னபோது, எங்கள் கூட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிரதட்சிணம் நமக்குத் தெரியாததா?

அப்புறம் லாங்டாங் கிராமத்துக்குச் சற்று முன்னால் மரமும் புல்லும் இல்லாத சாம்பல் நிறக் கல்வெளி. 2015 ஏப்ரல் 25 பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன், 7.8 அளவு நிலநடுக்கத்தில், மேலே 7,200 மீட்டருக்கு மேல் நிற்கும் லாங்டாங் லிருங் பக்கத்திலிருந்து பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடிவிட்டன. முந்நூறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள், மலைநடைக்கு வந்திருந்த வெளிநாட்டவரும் அதில் உண்டு. சரிவு கிளப்பிய காற்றிலேயே எதிர்ச்சரிவின் மரங்கள் படுத்துவிட்டன. பாறை முகட்டின் அடியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு வீடு தப்பியது. இப்போது இருப்பது அதற்குச் சற்றுத் தள்ளிக் கட்டிய புது ஊர். இறந்தவர் பெயர்களைப் பொறித்த இடத்தில் எங்கள் வழிகாட்டி தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றார். அவர் தாமாங் இனத்தவர், நாற்பது வயது தாண்டியவர். எங்களில் பாதிப்பேர் அங்கே நிற்கவில்லை, நேரம் இல்லை என்று வேகமாகப் போய்விட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பின்மண்டை கனக்க ஆரம்பித்துவிட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் வெட்கக்கேடு. முப்பத்தொரு வருடம் ஜன்னலுக்கு உள்ளே நின்று "எத்தனை நாளா வலி? வாந்தி இருக்கா? சாப்பிட்டாச்சா?" என்று கேட்டவள், என் தலைவலியை யாரிடமும் சொல்லவில்லை. திருட்டுத்தனமாக இரண்டு பாராசிட்டமாலை விழுங்கினேன். காரணம் எளிது. அறுபதாயிரத்துக்கு மேல் கட்டியிருந்தேன். குழுவிலேயே மூத்தவள் நான்தான். "சொன்னேன்ல" என்று கணவர் சொல்வதைக் கேட்கவும் மனமில்லை. மாத்திரை வலியைத்தான் குறைத்தது, வலி எதற்காக வந்ததோ அது உள்ளே அப்படியே இருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியாமலும் இல்லை. கியாஞ்சினில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கிறது. அதில் கரியமிலவாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடும். அதைச் சிறுநீரகம் மெதுவாகச் சரிசெய்ய வேண்டும், அதற்கு நாட்கணக்கு ஆகும். கண் நீர் அழுத்த நோய்க்கு நாங்கள் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை இந்த வேலையைத்தான் கொஞ்சம் துரிதப்படுத்துகிறது, மலைக்குப் போகிறவர்கள் அதைச் சாப்பிடுவது அதனால்தான். (சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.) இவ்வளவும் தெரிந்த என் பையில் அந்த மாத்திரை பிரிக்காமல் கிடந்தது. விடுதிகளில் எல்லோரும் பூண்டு சூப் குடிக்கச் சொல்வார்கள். குடியுங்கள், சூடாக இருக்கும், தண்ணீர்ச்சத்து சேரும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

மாலை ஐந்து மணிக்குக் கியாஞ்சின் போய்ச் சேர்ந்தோம். ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறையில் தால் பாத் வந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் கருவியை ஒவ்வொருவருக்கும் மாட்டிப் பார்த்தார். கொரோனா காலத்தில் நாம் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதுதான். எனக்கு 82 காட்டியது, பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பையனுக்கும் 82. "எல்லாருக்கும் இங்க அப்படித்தான்கா" என்று அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வழிகாட்டி அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. நான் கை கழுவ எழுந்து போன நடையைப் பார்த்திருக்கிறார். வந்து என் எதிரே உட்கார்ந்து, "தீதி, தலை வலிக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். தீதி என்றால் அக்கா. கோவைப் பையன் மொழிபெயர்த்தான். இல்லை என்றேன். "நான் மருந்தாளுநர், எனக்குத் தெரியும்" என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தரைப் பலகைகள் சேரும் கோட்டைக் காட்டினார். ஒரு பாதத்தின் குதிகாலை அடுத்த பாதத்தின் விரலில் ஒட்டி ஒட்டி அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

தள்ளாட்டம் வந்துவிட்டால் அது வெறும் தலைவலி இல்லை, மூளையில் நீர் கோக்கிறது என்பதற்கான அறிகுறி. ஒருங்கிணைப்பாளர், "காலைல ஹெலிகாப்டர் சொல்லிடலாம், இன்சூரன்ஸ் இருக்கு, இப்போ அக்கா தூங்கட்டும்" என்றார். வழிகாட்டி தூங்கவே விடவில்லை. ராத்திரியில் ஹெலிகாப்டர் வராது, காலையில் மேகம் இருந்தாலும் வராது, காலை வரை பொறுக்கவும் கூடாது என்றார். அவருக்குக் கூலி கொடுப்பவர் எதிரே நிற்கிறார், அடுத்த குழுவை அவரிடம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அவர்தான். இருந்தும், "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றபடி என் காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார். நேபாளியில் மெல்ல, மெல்ல என்று பொருள். சுமைதூக்கும் இளைஞர் ஒருவரும் கூட வந்தார். பகலில் முதுகுக் கூடையில் எங்கள் பைகளைச் சுமந்தவர், ராத்திரியில் என் இடது கையைச் சுமந்தார். பதினொரு மணிக்கு லாங்டாங் கிராமம். விடிந்ததும் அங்கிருந்து லாமா ஹோட்டல். அங்கே போய்ப் பகல் மூன்று மணிக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். தலைவலி போன இடம் தெரியவில்லை. மருந்து எதுவும் தரவில்லை. கீழே இறங்கினேன், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். லேசான தலைவலிக்கே பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டுப் பணத்தைப் பங்கு போட்ட விவகாரத்தை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. ஆகவே ஹெலிகாப்டர் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. முதலிலேயே மெதுவாக ஏறியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுப் பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் மலைநடை போக வேண்டும் என்று நேபாளத்தில் விதி வந்தது. அனாவசியச் செலவு என்று நம் ஆட்கள் இணையத்தில் திட்டுகிறார்கள். திட்டுகிறவர்கள் ஒருமுறை பலகைக் கோட்டில் நடந்து பார்க்கட்டும். ஆனால் வழிகாட்டி மேலே போன பிறகுதான் வருகிறார். எத்தனை நாளில் ஏறுவது என்பதை இங்கே மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்து விமான டிக்கெட்டை வைத்து முடிவு செய்துவிடுகிறோம், மிச்சத்தை அவர் தலையில் கட்டுகிறோம்.

எனவே ஒரு வேண்டுகோள். இமயமலைப் பயணம் பற்றிக் கட்டுரை போட்டாலும், அந்த நிறுவனங்களின் விளம்பரம் போட்டாலும், ஒவ்வொரு நாளும் ராத்திரி தூங்கப் போகும் இடத்தின் உயரத்தைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். பகலில் எவ்வளவு ஏறுகிறோம் என்பதைவிட ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் உடம்புக்குக் கணக்கு. 1,500, 2,400, 3,430, 3,870 என்று வரிசையாக இருந்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கழித்துப் பார்த்துவிடும். 2,400-க்கு அடுத்து 3,870 என்று அச்சில் வந்திருந்தால், அதை அச்சடித்தவரே ஒருமுறை யோசித்திருப்பார்.

அந்த எண்களுக்குப் பக்கத்தில் இடம் இல்லை என்றால் யாக் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். படத்துக்குக் கீழே 'பால் தரும் யாக்' என்று வேறு எழுதியிருந்தீர்கள். யாக் என்பது காளை. பால் தருவது நாக் என்ற பசுவும், சௌரி என்ற கலப்பினமும். 1950-களில் சுவிட்சர்லாந்து உதவியோடு கியாஞ்சினில் தொடங்கிய பாலாடைக்கட்டி ஆலைக்குப் போய்க் கேட்டுக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆலை காலையில்தான் திறக்கும் என்றார்கள். அதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம், கணவரும் உங்கள் சந்தாதாரர்),
திண்டுக்கல்.