மால்டிபூ நாய்க்குட்டி விற்பனையில் சொல்லப்பட்ட தவறான தகவல்கள் குறித்துப் புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
செல்லப்பிராணி விற்பனை நிறுவனம்,
பெங்களூரு.

பொருள்: மால்டிபூ குட்டியின் வயது, சான்றிதழ், பராமரிப்பு பற்றித் தவறாகச் சொல்லி விற்றது, 18,950 ரூபாய் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாய் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இதை எழுதும்போதுகூட அவன் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான். புகார் எல்லாம் அவனை விற்பதற்காக நீங்கள் சொன்ன பேச்சின் மேல்தான்.

மால்டீஸ், பூடில் என்ற இரண்டு நாய் இனங்களின் கலப்பான இந்த மால்டிபூ குட்டியைப் போன வருடம் ஆவணியில் உங்கள் தளத்தில் பதிவு செய்து வாங்கினேன். குட்டிக்கு 68,000 ரூபாய், சான்றிதழுக்குத் தனியாக 6,000, ஏசி வண்டியில் மதுரைக்குக் கொண்டுவந்து விட 4,500. ஆக மொத்தம் 78,500. இங்கே புட்டுத் திருவிழா நடந்த அன்று சாயங்காலம் வந்து இறங்கினான். நிறமும் கிட்டத்தட்ட புட்டு மாதிரிதான் இருந்தது. புட்டு என்றே பெயர் வைத்துவிட்டோம்.

உங்கள் விளம்பரத்தில் இருந்தவற்றை அப்படியே தருகிறேன்: "அலர்ஜி வராத இனம். முடி கொட்டாது. பராமரிப்பே தேவையில்லை. மூன்று கிலோவுக்கு மேல் வளராது. கேசிஐ சான்றிதழ் உண்டு." ஐந்து வாக்கியம். (கேசிஐ என்பது நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கெனல் கிளப் ஆஃப் இந்தியா.) நான் முப்பத்திரண்டு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். எழுத்தில் இருப்பதை நம்பித்தான் பழக்கம்.

வந்த மறுநாளே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். வயது அறுபது நாள் என்று, குட்டியோடு நீங்கள் அனுப்பிய அட்டையில் எழுதியிருந்தது. அவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பக்கம் பால் பற்கள் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. "எட்டு வாரத்துக் குட்டிக்கு இருபத்தெட்டு பல்லும் ஏறக்குறைய வந்திருக்கணும் சார், இதுக்கு ஆறு வாரம் ஆகியிருந்தாலே பெரிசு" என்றார். எடை 550 கிராம். அரை லிட்டர் பால் பாக்கெட்டும் கொஞ்சமும், அவ்வளவுதான். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டிக்கு அடையாள எண் உள்ள மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்தித்தான் கைமாற்ற வேண்டும். புட்டுவின் கழுத்தில் ஸ்கேனரை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வளர்த்தவரின் பதிவு எண்ணைக் கேட்டு நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

சின்ன வயதிலேயே தாயிடமிருந்து பிரித்ததன் பலன் மூன்றாவது நாள் ராத்திரியே தெரிந்தது. உங்கள் அட்டையில் "காலை, மாலை இரண்டு வேளை உணவு" என்று இருந்தது. நாங்களும் அப்படியே கொடுத்தோம். ராத்திரி இரண்டரை மணிக்கு என் மனைவி எழுப்பினாள். குட்டி துணி மாதிரி துவண்டு கிடந்தது. ஈறு வெளுத்துச் சில்லென்று இருந்தது. தலை மட்டும் லேசாக ஆடியது. மருத்துவரைப் போனில் எழுப்பினோம். குளுக்கோஸ் பொடியைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவுங்கள், வாயில் ஊற்றிவிடாதீர்கள், புரையேறிவிடும், துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டே கிளம்பி வாருங்கள் என்றார். போய்ச் சேர்வதற்குள் கண்ணைத் திறந்துவிட்டான். இவ்வளவு சிறிய குட்டியின் உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமே கிடையாதாம். நான்கு மணி நேரம் பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுமாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அட்டையில் ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சரியாக அச்சடித்திருந்தால் எங்களுக்கு அந்த ராத்திரி இல்லை.

அடுத்து சான்றிதழ். 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நீங்கள் அனுப்பியது பொன்னிற ஓரம் போட்ட, பதிவு எண் இல்லாத ஒரு காகிதம். கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்கள் வம்சாவளிச் சான்று தருவது இனத் தூய்மை உள்ள நாய்களுக்கு, அதுவும் தாய் தகப்பன் பதிவை வைத்து. மால்டிபூ தனி இனமே கிடையாது. மால்டீஸையும் பூடிலையும் இணை சேர்த்துப் பிறக்கிற கலப்பு. அதில் எந்தக் கேவலமும் இல்லை, நம் தெருநாய்களில் பலவும் கலப்புதான், நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இல்லாத சான்றிதழுக்குப் பணம் வாங்கியதை வங்கியில் நாங்கள் வேறு பெயரில் சொல்வோம்.

கலப்பு என்பதால் இன்னொன்றும் உண்டு. குட்டி யாரைக் கொண்டு பிறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே பிரசவத்தில் ஒன்றுக்கு பூடிலின் சுருள் முடி வரும், அடுத்ததற்கு மால்டீஸின் பட்டு முடி வரும். எடையும் அப்படித்தான். பூடிலில் டாய் அளவு ஒன்று, அதைவிடப் பெரிய மினியேச்சர் ஒன்று இருக்கின்றன. தகப்பன் எது என்று உங்களுக்கே தெரியாதபோது மூன்று கிலோவுக்கு மேல் போகாது என்று எப்படி எழுதினீர்கள்? புட்டு இப்போது 5 கிலோ 200 கிராம். மருத்துவர் இது அவன் உடம்புவாகுக்குச் சரியான எடை என்கிறார். எனக்கும் வருத்தமில்லை. படத்தில் இருந்த இளஞ்சிவப்புப் பழுப்பு நிறம் மங்கி இப்போது பாலாடை நிறமாகிவிட்டான், அதையும் நான் கேட்கப்போவதில்லை. பூடில் ரத்தம் இருந்தால் நிறம் மங்குவது சகஜமாம்.

ஆனால் முடி விஷயத்தை விடுவதாக இல்லை. "முடி கொட்டாது, பராமரிப்பே தேவையில்லை" என்ற இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வாக்கியமாக எழுதியிருக்கிறீர்களே, முதலாவது உண்மையாக இருப்பதால்தான் இரண்டாவது பொய்யாகிறது. உதிர்கிற முடி சோபாவில் விழாமல் உடம்பிலேயே மற்ற முடியோடு சிக்கிக்கொள்கிறது. வளர்கிற முடியோ நிற்காமல் வளர்கிறது. தினமும் சீப்புப் போட வேண்டும், அதுவும் மேலாக வருடிவிட்டால் போதாது, முடியைப் பிரித்துப் பிரித்துத் தோல்வரைக்கும் வார வேண்டும். ஐந்தாறு வாரத்துக்கு ஒரு தடவை கத்தரிக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் சமயம் இரண்டும் பின்னிக்கொண்டு, காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சடை விழுந்துவிட்டது. வெளியே பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கிறான், உள்ளே கம்பளி விரித்த மாதிரி கெட்டியாக இருக்கிறது. குளிப்பாட்டிவிட்டுச் சரியாக உலர்த்தாததால் அது இன்னும் இறுகிவிட்டது. சடைக்கு அடியில் காற்றுப் புகாமல் தோல் புண்ணாகி, கடைசியில் மொத்தமாக மழித்துவிட்டு மருந்து போட வேண்டியதாயிற்று. மழித்த அன்று அவன் தன் வாலைப் பார்த்து அவனே பயந்து குரைத்தான். வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எலும்பும் தோலுமாக, குளிரில் நனைந்த அணில் மாதிரி நின்றான்.

அலர்ஜிக்கு வருகிறேன். என் பேத்திக்கு வீசிங் உண்டு. பதிவு செய்யும் முன் உங்கள் ஆளிடம் போனில் கேட்டேன். "பூடில் கலப்பு சார், நூறு பர்சன்ட் சேஃப்" என்றார். நாயால் வரும் அலர்ஜிக்குக் காரணம் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிற புரதம். முடி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் அது இருக்கும். 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அலர்ஜி வராதவை என்று சொல்லப்படும் நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களுக்கு இருப்பதைவிட அதிகமாகவே இருந்தது. பூடில் கலப்பை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய ஆஸ்திரேலியாவின் வாலி கான்ரன் கதையைக் கேட்டாலே போதும். 1989இல், கணவருக்கு நாய் அலர்ஜி உள்ள ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தர லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் எச்சிலையும் அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய் வயிற்றில் மூன்றில் ஒன்று! பின்னாளில் கான்ரனே இந்தக் கலப்பு மோகத்தைத் தொடங்கிவைத்ததற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். நீங்கள் நூறு பர்சன்ட் என்கிறீர்கள்.

தீபாவளிக்கு வந்த பேத்திக்கு இரண்டாம் நாளே இன்ஹேலர் எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அவள் வந்தால் படுக்கையறைக்குள் புட்டுவுக்கு அனுமதி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இவனும் இந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்து கதவிடுக்கில் பேசிக்கொள்கிறார்கள்.

ஏழாம் மாதம் வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நொண்டி, உதறிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தான். முதலில் விளையாட்டு என்றே நினைத்தோம். எக்ஸ்ரே எடுத்ததில் முழங்கால் சில்லு தன் குழியைவிட்டு நழுவுகிறது, நாலு நிலைகளில் இரண்டாவது நிலை என்றார்கள். மால்டீஸ், சிறிய பூடில் இரண்டிலுமே அடிக்கடி வருகிற குறை இது. இணை சேர்க்கும் முன் தாய் தகப்பன் காலைக் கையால் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கலாம். உங்கள் ஆளிடம் சொன்னதற்கு, சோபாவிலிருந்து குதிக்க விட்டது எங்கள் தப்பு என்றார். சரி, அந்த அட்டையில் குதிக்க விடாதீர்கள் என்று ஒரு வார்த்தை உண்டா? இப்போது வழவழப்பான டைல்ஸ் முழுக்கப் பாய் விரித்திருக்கிறோம், எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் இலவசமாகக் கொடுத்த கழுத்துப்பட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டோம். இந்தச் சிறிய ஜாதிகளுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கும், கழுத்தில் கட்டி இழுத்தால் அமுங்கும், மார்போடு கட்டுகிற ஹார்னஸ்தான் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லித்தான் தெரியும்.

இத்தனைக்கும் அவன் அபாரமான நாய். கேஸ் சிலிண்டர் வண்டி வரும் சத்தம் எங்களுக்குக் கேட்கும் முன் அவனுக்குக் கேட்டுவிடும். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டினால் வாசலுக்குப் போகிறேன் என்றும், கழற்றினால் தூங்கப் போகிறேன் என்றும் தெரிந்து வைத்திருக்கிறான். பத்து நிமிடம் தனியாக விட்டால் ஊரையே கூட்டிவிடுவான். ஓய்வு பெற்றவர்கள் என்பதால் எங்களுக்கு அது பரவாயில்லை. "வேலைக்குப் போகும் தம்பதிகளுக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிறீர்களே, அவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது கால் நொண்டும் செய்திக்கு உங்கள் ஆள் கடைசியாகச் சொன்னதுதான். "இந்த பீஸை ரிட்டர்ன் பண்ணிடுங்க சார், வேற பீஸ் அனுப்புறோம்." திரும்பி வந்த பீஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். லைன் துண்டிக்கப்பட்டது. மிக்சி ஜாடியை மாற்றித் தருவதுபோல் மாற்றிக்கொள்ள நாங்கள் தயாராக இல்லை. புட்டு இங்கேதான் இருப்பான்.

நான் கேட்பது இவ்வளவுதான். சான்றிதழுக்கு வாங்கிய 6,000 ரூபாய். முதல் வாரச் சிகிச்சைக்கு 4,200, முழங்கால் எக்ஸ்ரேக்கும் மருந்துக்கும் 5,600, தோல் புண்ணுக்கும் மழித்ததற்கும் 3,150. மொத்தம் 18,950 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். குட்டியின் விலையைக் கேட்கவில்லை, அவன் அதற்கு மேலேயே பெறுவான். வளர்த்தவரின் பதிவு எண்ணைத் தெரிவியுங்கள். அந்த ஐந்து வாக்கியங்களையும் தளத்திலிருந்து எடுங்கள். தினம் சீப்பு, மாதச் செலவு, நாலு வேளைச் சாப்பாடு, முழங்கால், எல்லாவற்றையும் வாங்குகிறவர் பணம் கட்டும் முன் படிக்கிற இடத்தில் போடுங்கள். படித்துவிட்டுப் பாதிப் பேர் வாங்காமல் போகலாம். போகட்டும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை, எனக்கு நேரமும் நிறைய இருக்கிறது. ரசீது, அந்த அட்டை, பொன்னிறக் காகிதம், மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்ரே ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அந்த வாக்கியத்தை நானே ஆயிரம் பேருக்கு அனுப்பியவன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம். மணி அடித்தாலே புட்டு குரைக்க ஆரம்பிக்கிறான், நீங்கள் சொல்வது எதுவும் காதில் விழுவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.