அது தேய்மானம் இல்லை, கத்தரித்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரோமானியக் காசுகள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் ஹாக்ஸன் புதையல் வெள்ளிக் காசின் படத்துக்குக் கீழே, 'காலப்போக்கில் விளிம்பு தேய்ந்தது' என்று போட்டிருக்கிறீர்கள். தேய்மானம் என்றால் மேடான இடங்கள்தான் முதலில் மழுங்கும்: காது, கன்னம், தலைமுடி. அந்தப் படத்திலோ முகம் பளிச்சென்று இருக்கிறது, சுற்றியுள்ள எழுத்துகளைத்தான் காணோம். அது வேண்டுமென்றே கத்தரித்தது.

1992-ல் இங்கிலாந்தின் சஃபோக்கில், தொலைந்த சுத்தியலைத் தேடப் போனவருக்குக் கிடைத்த புதையல் அது. வெள்ளிக் காசுகள் மட்டும் 14,000-க்கு மேல். ஏறக்குறைய எல்லாமே நறுக்கப்பட்டவை. புதுக் காசு வரத்து நின்றுபோன பிரிட்டனில், ஓரத்து வெள்ளியை எடுத்துக்கொண்டு மீதியைப் புழங்கவிட்டார்கள். ஆனால் பேரரசரின் முகத்தில் கத்தரி படவில்லை. எனக்கு இதில் தீராத வியப்பு.

காசு சேகரிக்கும் நாங்கள் சிலிக்வா என்று சொல்லும் இந்தக் காசு ஒன்று என்னிடமும் இருக்கிறது. முழுசாக இருந்தால் இரண்டு கிராம் அளவில் இருக்கும். நகைக்கடைத் தராசில் இது 1.4 கிராம்தான் நின்றது. பெயர் முழுக்கப் போய்விட்டது. சரி, முகத்தைப் பார்த்தால் தாடி. நான்காம் நூற்றாண்டுப் பேரரசர்களில் தாடி வைத்தவர்கள் மிகச் சிலரே. மேற்கில் அடித்த வெள்ளி என்றால் ஜூலியனையோ யூஜீனியஸையோதான் முதலில் நினைக்க வேண்டும். யூஜீனியஸ் காசின் பின்பக்கத்தில் பெரும்பாலும் அமர்ந்த நிலையில் ரோமா தேவி இருப்பாள். என் காசில் இலை வளையம், அதற்குள் பத்தாண்டு, இருபதாண்டு ஆட்சிக்கான வேண்டுதல் எழுத்துகள். ஜூலியன்தான்.

வளையத்துக்கு அடியில், காசு எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் அக்கசாலைக் குறி. 'சி ஓ என்' எழுத்துகளின் மேல்பாதி மட்டும் தப்பியிருந்தது. கான்ஸ்டாண்டிநோபிள் என்றுதான் முதலில் குறித்துவைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகருக்கு அப்போது கான்ஸ்டன்டினா என்று பெயர். இந்த இடத்தில் புதிதாகச் சேகரிப்பவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள்.

எங்கள் ஊர் அமராவதி ஆற்றில் கிடைத்த இதே காலத்து ரோமானியக் காசுகள் பெரும்பாலும் சின்னச் செம்புக் காசுகள். அவற்றைக் கையில் வைத்திருக்கும் வாசகர்கள் உங்களுக்கு நிறைய உண்டு. அவர்களுக்காகவாவது, அடுத்த முறை காசின் இரண்டு பக்கத்தையும் படமாகப் போட்டு, எடையையும் குறிப்பிடுங்கள். படக்குறிப்பையும் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
வாசகர், கரூர்