எந்தக் கைடு வாங்குவது என்று கேட்டிருந்தாய்

வில்லிவாக்கம், சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ இன்லேண்ட் லெட்டரில் மடித்து ஒட்டி அனுப்பியிருக்கும்போது வாட்ஸ்அப்பில் பதில் தட்டக் கை வரவில்லை. உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது.

முதலில் சேதி. பெரியவள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் சேர்ந்துவிட்டாள். ஐந்தரை வருஷப் படிப்பு. ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுகிறாள், மாடுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீட் மதிப்பெண் வந்த பிறகு கொஞ்ச நாள் நான் யாரிடமும் பேசவில்லை. நீ மன்னிப்பாய்.

உன் பையன் பிளஸ் ஒன் போகிறான், நீட் தேர்வுக்கு எந்தக் கைடு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். என்னிடம் கேட்கிறாயே, அதுதான் வேடிக்கை. இந்த வீட்டில் ஒரு அலமாரி நிறைய வாங்கிக் குவித்தவன் நான். புதுப் புத்தகம் ஒவ்வொன்றும் விலை அதிகம் என்று திருவல்லிக்கேணி பாரதி சாலைக்குப் போய், பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்கு ஒரு மூட்டை அள்ளி வந்தேன். பேரம் பேசிய பெருமிதம் வேறு. அதில் ஒரு வேதியியல் கைடு, 2022 பதிப்பு. தடித்த அட்டை, முன்னால் படித்த யாரோ பென்சிலில் அழகாகக் குறித்து வைத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு பத்து நாள் திட நிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் உருட்டினாள். கடைசியில் அவளுடைய தோழிதான் சொன்னாள், 2024 தேர்விலிருந்து அந்தப் பாடங்கள் நீட் பாடத்திட்டத்திலேயே இல்லை என்று. உலோகவியல், பாலிமர், ஹைட்ரஜன் எல்லாமே போய்விட்டன. உயிரியலில் செரிமானம், தாவரங்களில் கடத்தல் என்று சிலது. பத்து நாள் போச்சே என்று அழுதாள். எனக்கு அந்த மூட்டையைத் தூக்கிக் கூவத்தில் போட்டுவிடலாம் போல இருந்தது.

அதோடு முடியவில்லை. இன்னொரு கைடு, புத்தம் புதிது, முழு விலை கொடுத்து வாங்கியது. அதிலிருந்த மாதிரித் தேர்வுகளெல்லாம் பழைய முறைப்படி: ஒவ்வொரு பிரிவிலும் கடைசி 15 கேள்வியில் 10 எழுதினால் போதும், 200 நிமிடம். அவள் அதற்கே பழகினாள். இயற்பியலில் கடினமான ஐந்தை எப்படி ஒதுக்குவது என்பதே ஒரு கலையாகிவிட்டது. 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது: இனி விருப்பத் தேர்வு கிடையாது, 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாம் கட்டாயம். சரியானதற்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்பது மட்டும் பழையபடியே. மே 4, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனவள் ஐந்து மணிக்கு வெளியே வந்து என்னைப் பார்க்கவேயில்லை. அந்த வருஷம் இயற்பியல் எல்லோரையும் அடித்துப் போட்டது. இவள் 45 கேள்வியில் 19ஐத் தொடவேயில்லை.

கைடு மீது மட்டும் பழி போட்டால் அது நியாயமில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கோட்டூர்புரத்தில் விட்டுவிட்டு நானும் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கவனித்தேன். கேள்வியைப் படிக்கிறாள், அரை நிமிடம் யோசிக்கிறாள், விரல் தானாகப் பின்பக்கம் புரட்டுகிறது. விளக்கத்தைப் படித்துத் தலையாட்டுகிறாள். அடுத்த கேள்வி. ஒரு மணி நேரத்தில் நாற்பது கணக்கு 'முடித்தாள்'. பேனா மூடி திறக்கவேயில்லை. சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. நூலகமாயிற்றே என்று விட்டேன். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அது என் தப்பு.

அப்போதுதான் உன் அப்பா ஞாபகம் வந்தது. 1994இல் நமக்கு மொத்தமே ஒரு கைடு, ஞாபகமிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்கு. நடுமுதுகில் பிளந்து, நீ பாதி நான் பாதி. உன் அப்பா என்ன செய்தார்? விடைப் பக்கங்களை மட்டும் கிழித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "ஏலே, நோட்டைக் கொண்டா, அப்புறம் பாப்போம்" என்பார். நோட்டில் கணக்கு இருந்தால்தான் சாவி திறக்கும். அவருக்கு அந்தக் கணக்கில் ஒன்றுகூடத் தெரியாது. பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மனுஷனை எவ்வளவு திட்டியிருக்கிறோம்!

அதனால் எந்தக் கைடு என்றால், பிளஸ் ஒன்னில் ஒன்றுமே வேண்டாம். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் பாடநூலை வரி வரியாகப் படிக்கட்டும். 90 கேள்வி, 360 மதிப்பெண், பெரும்பாலும் அந்த வரிகளைச் சுற்றித்தான் வருகிறது. நம் மாநிலப் பாடநூலையும் கைவிட வேண்டாம். பிளஸ் டூவில் முந்தைய வருஷ வினாத்தாள் தொகுப்பு ஒன்று, இயற்பியலுக்குக் கணக்குப் புத்தகம் ஒன்று போதும். வாங்கும்போது அட்டையைப் பார்க்காதே, பதிப்பு வருஷத்தைப் பார். தமிழில் எழுதுவதாக இருந்தால் ஆங்கிலக் கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பழகச் சொல். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீட்டில் இல்லாத அந்தத் திட நிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் நம் பிளஸ் டூ பாடநூலில் இருக்கின்றன. பொதுத்தேர்வில் வேதியியலில் நன்றாக வாங்கிவிட்டாள். கால்நடை மருத்துவத்துக்கு நம் மாநில ஒதுக்கீட்டில் நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அந்தப் பென்சில் குறிப்புக்காரர் யாரோ, நாமக்கல் இடத்தில் அவருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அந்தக் கைடை மட்டும் அவள் யாருக்கும் தர மாட்டேன் என்று ஹாஸ்டலுக்கே எடுத்துப் போய்விட்டாள்.

மற்றதில் மூன்று நல்லவை இருக்கின்றன. நீக்கிய பாடங்களைச் சிவப்பில் அடித்து வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மைத்துனன் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான், கொடுத்து விடுகிறேன். பையனிடம் கொடு. விடைப் பக்கங்கள் இருக்காது, கிழித்து என் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒரு பாடம் முடித்ததும் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், அப்புறம் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பாதிப் புத்தகக்காரன்