வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புவோரின் காத்திருப்பு

ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாடுகளில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பும் நம் பிள்ளைகளின் படிப்பைக் காசு கொடுத்து வாங்கிய படிப்பென்று ஏளனம் செய்வோர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர் இருக்கின்றனர். நமது மருத்துவ பீடங்களின் இடங்கள் மிகக் குறைவு. அகில இலங்கைத் தகுதிக்கு 40 சதவீதம், மாவட்ட அடிப்படைக்கு 55 சதவீதம் என்று அவற்றில் பெரும்பகுதி பங்கிடப்படும்போது, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னுள்ள இலக்கங்களால் தவறிப்போகும் மாணவரைத் திறமையற்றவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்படித் தவறிய பிள்ளையைக் காணியை ஈடுவைத்துச் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் பங்களாதேஷுக்கும் அனுப்பிய பெற்றோர் எங்கள் பகுதியில் உள்ளனர்.

அதற்காக, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கு மருத்துவராகப் பதிவு பெறுவதற்கு இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையைத் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தச் சோதனை இருந்தே ஆக வேண்டும். பிரித்தானியாவில் பணியாற்ற விரும்பும் நம் மருத்துவர்களும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவராயினும் கொழும்பில் படித்தவராயினும், பெரும்பாலும் பிளாப் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே அங்கு பதிவு பெறுகின்றனர். அதன் இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் வரை போகவும் வேண்டியிருக்கிறது. மருமகன் பிளாப் சித்தியடைந்ததற்கு இனிப்பு வழங்குகிறவர்களே, ஈ.ஆர்.பி.எம். எழுதுகிறவரைக் கண்டு முகம் சுளிப்பதுதான் வேடிக்கை.

என் ஆதங்கம் காலதாமதம் பற்றியது. பட்டச் சான்றிதழைச் சரிபார்த்தல், பரீட்சையின் பல பகுதிகள், பெறுபேறு, அதன் பின் உள்ளகப் பயிற்சி நியமனம் என ஒவ்வொரு படியிலும் காத்திருக்கும் இளைஞர்கள், வெளிநாட்டு மருத்துவமனைகளின் நோயாளர் விடுதிகளில் கற்ற தொழிலைக் கையால் செய்து பார்க்க வழியின்றி வீட்டில் இருக்கின்றனர். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறிவிட்ட நிலையில், வவுணதீவு, வெல்லாவெளி போன்ற படுவான்கரைப் பகுதி மக்கள் ஒரு சிகிச்சைக்காக மட்டக்களப்பு வாவியைக் கடந்து நகருக்கு வர நேரும்போது, இந்தக் காத்திருப்பின் விலையை அவர்களும் சேர்ந்தே கொடுக்கின்றனர்.

ஆகவே, ஆண்டுக்கான பரீட்சைத் திகதிகளையும் பெறுபேறு வெளியாகும் காலத்தையும் முன்கூட்டியே அறிவிக்குமாறு மருத்துவ சபையையும், காத்திருப்போர் ஆதார வைத்தியசாலைகளில் மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில், சிகிச்சைப் பொறுப்பு எதுவுமின்றி, அவதானிப்பாளர்களாக இருக்க அனுமதிக்குமாறு சுகாதார அமைச்சையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.