வெளிநோயாளிப் பிரிவின் அனுபவம் தாதியர் இதழில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி தாதியர் தினம் கொண்டாடுகிறோம். 1885இல் பிரெஞ்சுக் கன்னியர் சிப்பாய் லைன்ஸ் பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கியதை நினைவுகூரும் நாள் அது. அன்று தாதியரைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். தாங்கள் செய்யும் வேலையைத் தாதியரே தொழில்முறை இதழில் எழுதுவது குறைவு. பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) மருத்துவமனைகளின் வெளிநோயாளிப் பிரிவுகளிலும் இருப்போர் எழுதுவது இன்னும் குறைவு. அவர்களில் தமிழ் பேசும் தாதியர் எழுத வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

வார்டில் இருக்கும் தாதி ஒரு நோயாளியை மணிக்கணக்கில் பார்க்கிறார். வெளிநோயாளிப் பிரிவில் கிடைப்பது 15, 20 நிமிடம். பிறகு அவரைப் பார்ப்பது மூன்று மாதம் கழித்து. இடையில் ஊசி போடுவதும் மாத்திரை எண்ணுவதும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் நோயாளியும் வீட்டாரும்தான். அந்த 15 நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை அடுத்த முறைக்கு விடுவது, எந்தச் சொல்லால் சொல்வது என்பதில்தான் தாதியின் திறமை இருக்கிறது. நோயாளிக் குறிப்பில் அது ‘கற்பிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லாக முடிந்துவிடுகிறது. அவர் ஓய்வுபெறும்போது அந்தத் திறமையும் கூடவே போய்விடுகிறது. 2023 ஜூலையில் நோய்த்தடுப்பை வலியுறுத்தும் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு நாள்பட்ட நோய்களின் கவனிப்பு மேலும் மேலும் மருந்தகங்களை நோக்கி வருகிறது. இந்த வேளையில் அந்த இழப்பு பெரியது.

எழுத நினைப்போர் முதலில் தவறுவது தலைப்பில். ‘நீரிழிவு நோயாளிகளின் சுயபராமரிப்பு’ என்று எடுத்தால் கட்டுரை பாடநூல் சுருக்கமாகிவிடும். இன்சுலின் போடும் இடத்தில் உண்டாகும் கட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஊசி போட்டால் தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு தடிக்கும். அங்கே குத்தினால் வலி குறைவு. அதனாலேயே நோயாளியின் கை அதே இடத்துக்குப் போகும். தடிப்புக்குள் போகும் இன்சுலின் சீராக உறிஞ்சப்படாததால் சர்க்கரை ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். கட்டுரையில் தாதி விரலால் எப்படித் தடவிப் பார்த்தார், ஊசிமுனை 4 மி.மீ. நீளமா, ஒவ்வொரு முறையும் புதிது மாற்றப்பட்டதா, இன்சுலின் பேனாவில் 2 யூனிட் வெளியே விட்டுச் சோதித்தார்களா, மருந்து போனபின் 10 வரை எண்ணி எடுத்தார்களா என்பதெல்லாம் இருக்க வேண்டும். இன்னொரு மருந்தகத்தில் இருப்பவர் அதைப் படித்து அப்படியே செய்துபார்க்க முடிய வேண்டும். ஊசி போடும் இடத்தை மாற்றச் சொல்லும்போது மருந்தளவையும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை விடவே கூடாது. நல்ல தோலில் பழைய அளவே போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இந்த ஒரு வரி இல்லாத கட்டுரை நோயாளிக்கு ஆபத்து.

அடுத்தது அளவீடு. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் நிலையைக் காட்டுவது. கற்பித்த நான்காம் வாரமே அதை எடுத்தால் அதில் ஏறக்குறைய பாதி பழைய கதைதான். ஆகவே வெளிநோயாளிப் பிரிவுக் கட்டுரைக்குக் குறைந்தது மூன்று மாதப் பொறுமை வேண்டும். அதற்குமுன் எதையாவது காட்ட வேண்டுமென்றால், நோயாளியே செய்துகாட்டும்போது எத்தனை படிகள் சரியாக வந்தன என்று பட்டியல் வைத்து எண்ணலாம். 40 பேருக்குக் கற்பித்து 28 பேர்தான் திரும்பி வந்தார்கள், அவர்களில் 21 பேர் சரியாகச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘75 விழுக்காட்டினர் தேறினர்’ என்று எழுதத் தோன்றும். வராத 12 பேர் எங்கே? தேறாதவர்கள்தான் வராமல் இருந்திருப்பார்களோ என்று இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. மூன்று எண்களையும் அப்படியே எழுதிவிடுவதுதான் நேர்மை.

இரத்த அழுத்தத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. நம் கற்பித்தல் திட்டத்துக்கு முன்பு எடுத்த அளவுகள் நோயாளி படியேறி வந்ததும் அவசரமாக எடுத்தவை. திட்டம் தொடங்கியபின் எடுத்தவை 5 நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் இருக்க, கைச்சுற்றளவுக்கு ஏற்ற பட்டை கட்டி எடுத்தவை. அழுத்தம் குறைந்திருக்கும். குறைத்தது நம் கற்பித்தலா, நாற்காலியா என்று யாராலும் சொல்ல முடியாது. இரு தடவையும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவை என்று உறுதியாக எழுத முடிந்தால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு. மிக அதிக அழுத்தம் உள்ளவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தாலும் இதே சிக்கல்தான். ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த அளவீட்டில் அவர்களில் பலருக்குச் சற்றுக் குறைந்தே இருக்கும்.

தமிழ் பேசும் தாதியரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. ‘மயக்கமா வருது’ என்று ஒரு பாட்டி சொன்னால் அது தலைசுற்றலாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம், கண் இருட்டிக்கொண்டு வருவதாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பில் மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல் விழுந்துவிடுகிறது. கால் ‘மரத்துப் போச்சு’, ‘மதமதன்னு இருக்கு’, ‘எரியுது’ என்பவை நரம்பின் நிலையைப் பற்றி வெவ்வேறு சேதி சொல்பவை. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிக்கும் முன்பே காதில் விழும் குறிப்பு அது. ‘விரதமா?’ என்று ஆம், இல்லை பதிலுக்குக் கேட்கும் வினாத்தாளும் அப்படித்தான். தைப்பூசக் காவடி விரதத்தில் ஒருவேளை உணவு, புரட்டாசிச் சனிக்கிழமையில் பாலும் பழமும், தமிழ் முஸ்லிம்களுக்கு நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் தண்ணீர்கூட இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் கிளிப்பிசைடு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை இறங்கும். எந்த வகை விரதம் என்று தெரியாமல் சொல்லும் ஆலோசனை யாருக்கும் பயன்படாது.

இதை எழுதும்போது நோயாளியின் சொல்லை ஒலிப்பு மாறாமல் கொடுத்து, பொருளைப் பக்கத்தில் விளக்க வேண்டும். வினாத்தாளைத் தமிழாக்கினால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டு, பிறகு சில நோயாளிகளிடம் வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். ‘நரம்புச் சிதைவு’ போன்ற ஏட்டுத் தமிழ் அங்கே எடுபடாது.

அந்தரங்கம் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் இந்த ஊரில் பொருந்தாது. குடியிருப்பாளர்களில் இந்தியர் சுமார் 9 விழுக்காடுதான். வயது, இனம், குடியிருப்புப் பேட்டை, கால்விரல் அகற்றப்பட்ட மாதம் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதினால் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுவோர்கூட ஆளைச் சொல்லிவிடுவார்கள். வயதை ‘எழுபதுகளில்’ என்றாக்கி, பேட்டையையும் மாதத்தையும் விட்டுவிட வேண்டும். சிகிச்சைக்குத் தந்த சம்மதம், கட்டுரையில் வெளியிடத் தந்த சம்மதம் ஆகாது. புண்ணின் படத்துக்குத் தனியாக எழுத்துவழிச் சம்மதம் வேண்டும். அதைச் சொந்தக் கைப்பேசியில் எடுக்கவே கூடாது. ஆய்வு நெறிமுறைக் குழுவைத் தரவு திரட்டும் முன்பே அணுக வேண்டும். ‘இது தர மேம்பாடு, முழு ஆய்வு அனுமதி தேவையில்லை’ என்று அவர்கள் சொன்னால் அந்தப் பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாம் முடிந்தபின் போய்க் கேட்டால் பின்தேதியிட்ட அனுமதி கிடைக்காது.

எந்த இதழுக்கு எழுதுகிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்து, கட்டுரை எழுதுவோருக்கு அது தரும் குறிப்புகளைப் படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும். அமெரிக்காவில் வெளிநோயாளிப் பராமரிப்புத் தாதியருக்கென்றே 1978இல் ஓர் அமைப்பு உருவானது. அதற்கென இதழும் உண்டு. அத்தகைய வெளிநாட்டு இதழின் வாசகருக்குப் பலதுறை மருந்தகம் என்றால் தெரியாது. மருத்துவர், தாதி, இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் ஒரே கூரையின்கீழ், அரசாங்க உதவித்தொகையோடு கிடைக்கும் இடம் என்று இரண்டு வரியில் விளக்காவிட்டால் மீதி எதுவும் புரியாது. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவும் அப்படியே. தர மேம்பாட்டுக் கட்டுரைகளுக்கு ஸ்குவையர் வழிகாட்டி இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் விடுபடுவது குறையும்.

கட்டுரையாசிரியராக யார் பெயர் வரலாம் என்பதில் மனத்தாங்கல் வருவது வழக்கம். மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: திட்டமிடலிலோ தரவிலோ உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதிப் படிக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பேற்பு. நான்கும் இருப்பவரே கட்டுரையாசிரியர். மேலதிகாரி என்பதற்காக மட்டும் பெயர் சேர்க்கக் கூடாது. தரவைப் பதிவுசெய்து மட்டும் கொடுத்தவருக்கு நன்றியுரையில் இடம். செயற்கை நுண்ணறிவுச் செயலி கட்டுரையாசிரியராக முடியாது; பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும். புகழ்ந்து மின்னஞ்சல் அனுப்பி, சில நாளில் வெளியிடுகிறோம் என்று உறுதி கூறி, ஏற்றுக்கொண்டபிறகு கட்டணம் கேட்கும் இதழ்களிடம் கட்டுரையைக் கொடுத்துவிட வேண்டாம். திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்ததும் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். திருத்தச் சொல்வது நிராகரிப்பு அன்று. ஒவ்வொரு குறிப்பையும் ஒரு கட்டத்தில் எழுதி, எதிரே நம் பதிலையும், மாற்றம் எந்தப் பக்கம், எந்த வரி என்பதையும் கொடுத்தால் போதும். ஒப்புக்கொள்ள முடியாத குறிப்புக்குக் காரணம் சொல்லி மறுக்கலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி வெளிவரும் கட்டுரைகளின் தமிழ்ச் சுருக்கத்துக்கு மாதம் ஒருமுறை 400 சொல் இடம் தாருங்கள். அந்தக் கட்டுரையில் இருப்பவர்கள் உங்கள் வாசகர்களின் தாய்தந்தையர்தாம். முன்பே வேறெங்கும் வந்த கட்டுரையைப் பெரும்பாலான இதழ்கள் ஏற்பதில்லை. ஆகவே இதழில் வெளியான பிறகே சுருக்கம் உங்களுக்கு வர வேண்டும். பதிப்புரிமை பல நேரம் இதழிடம் இருப்பதால் அது வரிக்கு வரி மொழிபெயர்ப்பாக இல்லாமல் புதிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அட்டவணையோ படமோ சேர்த்தால் இதழின் அனுமதி வேண்டும். எழுதும் தாதி தம் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்து அனுப்பிவிட்டால் உங்கள் மேசையில் தாமதம் இராது.

வெளிநோயாளிப் பிரிவுத் தாதியர் சிலர்
சிங்கப்பூர்