மாறுபட்ட சாதனங்களை இணைக்கவும் கற்றுத்தரலாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஃபோன் வைத்திருப்பவர் கணினியையும் அதே நிறுவனத்திடம் வாங்கினால்தான் இரண்டும் ஒத்துப்போகும் என்று கடைகளில் சொல்வதை நம்பி, நன்றாக ஓடும் விண்டோஸ் மடிக்கணினியை ஓரங்கட்டிவிட்டுப் புதியதற்குப் பணம் கட்டுவோரை நான் அறிவேன். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் 2021 இறுதிக்குள் கற்றல் சாதனம் கிடைத்துவிட்டது. அது ஐபேடா, கூகல் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினியா, விண்டோஸ் மடிக்கணினியா என்பதைப் பள்ளியே முடிவு செய்கிறது. ஆக, ஒரே வீட்டில் பல வகைச் சாதனங்கள் சேர்வது நம் விருப்பத்தால் மட்டுமன்று.

திறன்பேசியை விண்டோஸ் கணினியுடன் இணைக்கும் மைக்ரோசாஃப்டின் ஃபோன் லிங்க் செயலி 2023 முதல் ஐஃபோனையும் ஏற்கிறது. கணினித் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டை வருடி, புளூடூத்தில் இணைத்தால் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் கணினிக்கு வந்துவிடும். பலரும் தடுமாறுவது அடுத்த படியில்தான்: ஐஃபோனின் புளூடூத் பட்டியலில் கணினியின் பெயருக்குப் பக்கத்திலுள்ள 'ஐ' குறியைத் தொட்டு, அறிவிப்புகளுக்கும் தொடர்பு எண்களுக்கும் தனித்தனியே அனுமதி தர வேண்டும், தராவிட்டால், இணைந்துவிட்டதாகத் திரை காட்டும், ஆனால் ஒரு செய்தியும் வந்து சேராது. குழுச் செய்திகளை இதில் கையாள முடியாது என்பதையும் கடைக்காரர்கள் சொல்லிவிடலாம். ஐஃபோனிலிருந்து கணினிக்கு மாற்றிய படங்கள் விண்டோஸில் திறக்க மறுத்தால், ஐஃபோனின் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுக்க, இனி எடுப்பவை விண்டோஸ் திறக்கக்கூடிய ஜேபெக் வகைப் படங்களாகவே பதிவாகும்.

ஆண்ட்ராய்டு திறன்பேசியும் ஆப்பிளின் மேக் கணினியும் வைத்திருப்போர் பாடு இன்னும் சிரமம். கம்பிவழி இணைத்தாலும் திறன்பேசியின் கோப்புகளை மேக் தானாகக் காட்டுவதில்லை. அதற்கென கூகல் வழங்கிவந்த செயலியும் 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பெயர் தெரியாத செயலிகளை மக்கள் அவசரத்தில் பதிவிறக்குவது இத்தகைய நேரத்தில்தான். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறக்க முயன்றோர் போலித் தளத்தின் கியூஆர் குறியீட்டை வருடிக் கணக்கைப் பறிகொடுத்தது குறித்துக் காவல்துறை 2023இல் எச்சரித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படங்களையும் கோப்புகளையும் மாற்ற மட்டுமே என்றால், கூகல் டிரைவில் ஏற்றி, மேக் கணினியின் உலாவியில் இறக்கிக்கொண்டால் போதும். புதிய செயலி எதுவும் தேவையில்லை.

சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் திறன்பேசிப் பயன்பாட்டை மூத்தோருக்குப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். இந்த இணைப்பு முறைகளுக்கும் அங்கே நேரம் ஒதுக்கி, தமிழில் ஒரு துண்டறிக்கையும் வெளியிடுமாறு தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வருவோரை வீட்டு மடிக்கணினியையும் கையோடு எடுத்துவரச் சொன்னால், இணைப்பை அங்கேயே செய்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், பொங்கோல்